ஐவருக்கு ஆசான்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஒரே வேலையில் நிலைத்திருப்பது பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, அமெரிக்கக் கால்பந்தில் 34 பருவங்கள் ஒரே அணியில் உதவிப் பயிற்சியாளராகப் பணியாற்றிய டான்டே ஸ்கார்னெக்கியாவைப் பற்றி நான்கு வரிகள் குறிப்பிட்டிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு வந்த கடிதங்கள் நான் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

வாசகர், திருச்சி: ஓர் அணிக்கு ஒரு பயிற்சியாளர் போதாதா? அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றில் இருபது பேர்கூடப் பயிற்சியாளர்களாக இருப்பார்களாமே, அத்தனை பேருக்கும் என்ன வேலை?

பதில்: ஒருவர் போதாது. என்.எஃப்.எல். எனப்படும் தொழில்முறைப் போட்டியில் ஓர் அணியின் பட்டியலில் 53 வீரர்கள் இருப்பார்கள். பந்தைக் கொண்டு முன்னேறும்போது ஒரு பதினொருவர், எதிரணியைத் தடுக்கும்போது வேறொரு பதினொருவர், பந்தைக் காலால் உதைக்கும் தருணங்களுக்கென்று மூன்றாவது ஒரு கூட்டம் என்று அணி பிரிந்து நிற்கும். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பதுதான் ஆட்டத்தின் அடிப்படை. ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிகளில் முடிந்துவிடும், ஆனால் அந்தச் சில விநாடிகளில் பதினொருவரும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்த பதினொரு வெவ்வேறு வேலைகளைப் பிசகாமல் செய்தாக வேண்டும். ஒருவர் அரை அடி தவறி நின்றாலும் மற்ற பத்துப் பேரின் உழைப்பு வீணாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி ஆசிரியர் தேவைப்படுகிறார்.

இந்தத் தொழிலில் ஏணி மிக நீளமானது. கல்லூரி அணியில் பட்டமேற்படிப்பு படித்துக்கொண்டே சொற்ப உதவித்தொகைக்கு வேலை செய்பவர் கீழ்ப்படியில் இருப்பார். அதற்கு மேலே, எதிரணியின் ஆட்டப் பதிவுகளைத் துண்டு துண்டாக வெட்டி, எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கஜம், யார் எங்கே நின்றார் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதுபவர். அடுத்து, ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஆடுபவர்களுக்கு மட்டும் பொறுப்பேற்கும் பயிற்சியாளர். அவருக்கும் மேலே தாக்குதல் முழுமைக்கோ தடுப்பு முழுமைக்கோ பொறுப்பான கோஆர்டினேட்டர். உச்சியில் தலைமைப் பயிற்சியாளர். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி மனிதரைத்தான்.

வாசகர், மதுரை: இத்தனை ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராகவே இருந்த ஒருவரைப் பெரிதாகப் பாராட்டியிருந்தீர்கள். பதவி உயராமல் இருந்ததில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள சந்தேகம் நியாயமானது. நம் அலுவலகங்களிலும் முப்பது ஆண்டுகள் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்தவரைப் பார்த்தால் திறமை போதவில்லை என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் ஸ்கார்னெக்கியா ஒரே நாற்காலியில் அமர்ந்திருக்கவில்லை, அவருக்கு மேலிருந்த நாற்காலிதான் மீண்டும் மீண்டும் ஆள் மாறியது.

1948-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த அவர், தாம் படித்த கலிஃபோர்னியா வெஸ்டர்ன் கல்லூரியிலேயே 1970-இல் பயிற்சி வேலையைத் தொடங்கினார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அயோவா, டெக்சஸ், மீண்டும் கலிஃபோர்னியா, அரிசோனா, மீண்டும் டெக்சஸ் என்று கல்லூரி கல்லூரியாக மாறினார். இது அவருடைய நிலையின்மை அல்ல, இந்தத் தொழிலின் இயல்பே அதுதான். டெக்சஸின் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ரான் மேயர் 1982-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்குச் சென்றபோது அவரையும் உடன் அழைத்துக்கொண்டார். அங்கிருந்து கணக்கு தொடங்குகிறது. மேயருக்குப் பின் ரேமண்ட் பெர்ரி, இடையில் இரண்டு ஆண்டுகள் மேயருடனேயே இண்டியானாபொலிஸ் அணி, 1991-இல் திரும்பி வந்தபோது டிக் மெக்பெர்சன், பிறகு பில் பார்செல்ஸ், பீட் கேரல், கடைசியாக பில் பெலிச்சிக் என்று நியூ இங்கிலாந்தில் மட்டும் ஆறு தலைமைப் பயிற்சியாளர்களின் கீழ் அவர் வேலை பார்த்தார்.

இதன் அருமையை உணர அத்தொழிலின் வழக்கம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்ததும் பழைய உதவியாளர்களை அனுப்பிவிட்டுத் தம்முடைய ஆட்களை அழைத்து வருவார். லீக் ஆட்டங்கள் முடிந்த மறுநாளான திங்கட்கிழமையை அங்கே கறுப்புத் திங்கள் என்றே அழைக்கிறார்கள். ஒரு தலைமைப் பயிற்சியாளர் அன்று வேலையிழந்தால், ஏறத்தாழ இருபது குடும்பங்கள் வீட்டைக் காலி செய்வது பற்றியும் பிள்ளைகளுக்கு வேறு ஊரில் பள்ளி தேடுவது பற்றியும் யோசிக்கத் தொடங்கும். அப்படிப்பட்ட தொழிலில், குணத்திலும் ஆட்டமுறையிலும் ஒருவருக்கொருவர் சற்றும் ஒத்துப்போகாதவர்கள் அடுத்தடுத்து வந்து, அடுத்தடுத்து ‘இவர் இருக்கட்டும்’ என்று முடிவெடுத்தார்கள். உதைக்கும் ஆட்டத்துக்கான சிறப்பு அணியைக் கொடுத்தபோது அதைச் செய்தார், வேறு பிரிவுகளைக் கொடுத்தபோது அவற்றையும் செய்தார். 1992-இல் மெக்பெர்சன் உடல்நலம் குன்றியபோது தற்காலிகமாகத் தலைமைப் பொறுப்பையும் ஏற்று நடத்திவிட்டு, பிறகு தம் வேலைக்குத் திரும்பினார். 1999-இல் முன்வரிசைப் பயிற்சியாளர் ஆனார். அவருடைய பெயர் நிலைத்தது அங்கேதான்.

முன்வரிசை என்றால் ஐந்து பேர். நடுவில் பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு இருவர், ஓரங்களில் டேக்கிள் இருவர். ஒவ்வொருவரும் பெரும்பாலும் 130 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள். பந்து எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும் எதிரணியினரை இரண்டரை, மூன்று விநாடிகள் தடுத்து நிறுத்துவதே இவர்கள் வேலை. சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பதைத் தவிர, வழக்கமான ஆட்டத்தில் இவர்கள் பந்தைத் தொடுவதில்லை, புள்ளி எடுப்பதில்லை. இவர்களுடைய பெயர் ஒலிபெருக்கியில் ஒலித்தால், பெரும்பாலும் ஏதோ தவறு நடந்துவிட்டது என்றே பொருள்.

அந்த மூன்று விநாடிக்குள் என்ன கற்றுத்தர இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். முதல் காலடி ஆறு அங்குலமா, எட்டு அங்குலமா என்பதிலிருந்து பாடம் தொடங்கும். கால் அதிகமாக அகன்றால் உடல் எடை ஒரு பக்கம் சாயும், சாய்ந்ததை எதிரில் இருப்பவர் கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டுபிடித்து மறுபக்கம் புகுந்துவிடுவார். கை சீக்கிரம் நீண்டால் தட்டிவிடுவார், தாமதமானால் மார்பில் இடித்துத் தள்ளிவிடுவார். முழங்கால் மடிந்திருக்க வேண்டும், முதுகு குனியக் கூடாது, கட்டைவிரல் மேல்நோக்கி இருக்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தாலும், பக்கத்தில் நிற்பவர் எந்தப் பக்கம் நகரப் போகிறார் என்பது தெரியாவிட்டால் பயனில்லை, ஏனெனில் எதிரணியினர் பாதி வழியில் இடம் மாற்றிக்கொண்டு ஓடி வருவார்கள். ஐந்து பேரும் ஒரே மனதாக யோசிக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறினாலும் அந்த ஒரு மனதை மீண்டும் மீண்டும் உருவாக்கியவர் ஸ்கார்னெக்கியா. என்.எஃப்.எல். பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் ஐந்து வெற்றிகளில் அவருக்குப் பங்குண்டு. பதவி உயர்வு என்பது ஒருவர் செய்யும் வேலையின் அளவைக் காட்டும் ஒரே அளவுகோல் என்று நான் நம்பவில்லை, அதனால்தான் பாராட்டினேன்.

வாசகர், சேலம்: அவரிடம் பயின்றவர்களில் குறிப்பிடத்தக்க ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா?

பதில்: ஸ்டீஃபன் நீல் என்பவரைச் சொல்வேன். டபிள்யூ.டபிள்யூ.இ. பார்த்து வளர்ந்த வாசகர்களுக்கு பிராக் லெஸ்னரைத் தெரிந்திருக்கும். லெஸ்னர் கல்லூரி மல்யுத்த வீரராக இருந்தபோது, 1999-ஆம் ஆண்டு தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியில் அவரை 3–2 என்ற கணக்கில் வென்றவர்தான் நீல். அதே ஆண்டில் உலக மல்யுத்தப் பட்டத்தையும் அவர் வென்றார். ஆனால் கல்லூரிக் காலத்தில் அவர் கால்பந்து ஆடியதே இல்லை. 2001-இல் பேட்ரியாட்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டு, விடுவித்து, அதே ஆண்டு இறுதியில் மீண்டும் அழைத்துக்கொண்டது.

இருபத்தைந்து வயதை நெருங்கும் ஒருவருக்கு, மற்றவர்கள் பள்ளிப் பருவத்திலேயே கற்றுவிட்ட ஆட்டத்தை அரிச்சுவடியிலிருந்து சொல்லித்தர வேண்டியிருந்தது. எதிராளியின் எடையை உள்ளங்கையில் உணர்வதும், இடுப்பைத் தாழ்த்தி நிற்பதும் மல்யுத்தம் அவருக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த செல்வங்கள். எங்கே நிற்பது, யாரைத் தடுப்பது, சென்டர் உரத்துச் சொல்லும் குறிச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து வர வேண்டும். காயங்கள் இடையிடையே அவரைப் பின்னுக்கு இழுத்தன. ஆனாலும் 2004-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் சூப்பர் பவுல் வென்ற முன்வரிசையின் வலப்பக்க கார்டாக நிலைபெற்றார். 2010 வரை அதே அணியில் ஆடினார். லெஸ்னரும் 2004-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் இடம்பெற முயன்றார் என்பதையும், பருவம் தொடங்குமுன்பே விடுவிக்கப்பட்டார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்வது பொருந்தும். உடல்வலிமை இருவரிடமும் இருந்தது. நீலுக்கு நான்கு ஆண்டுகள் பொறுமையாகக் கற்பிக்கும் ஒருவர் கிடைத்தார்.

புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஸ்கார்னெக்கியா கவனித்தவை அறிவும் மன உறுதியும் போதுமான உடல்திறனும்தான். கல்லூரி வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறையில் ஐந்தாவது சுற்றில்தான் தேர்வான டேன் கோப்பென் போன்றவர்களும், எந்தச் சுற்றிலும் யாரும் தேர்ந்தெடுக்காத டேவிட் ஆண்ட்ரூஸ் போன்றவர்களும் அவருடைய முன்வரிசையில் ஆண்டுக்கணக்கில் முதன்மை ஆட்டக்காரர்களாக நின்றதற்கு இந்தப் பார்வையே காரணம்.

வாசகர், பெங்களூரு: ஓய்வு பெற்ற பிறகு திரும்பி வந்தார் என்று எழுதியிருந்தீர்கள். எதற்காக?

பதில்: 2013 பருவம் முடிந்ததும் அவர் ஓய்வு பெற்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரி 24 அன்று டென்வரில் நடந்த அரையிறுதிக்கு ஒப்பான ஆட்டத்தில், பேட்ரியாட்ஸ் 18–20 என்று தோற்றது. குவார்ட்டர்பேக் டாம் பிரேடி அன்று சுமார் இருபது முறை அடிவாங்கி விழுந்து எழுந்தார். அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்களில் மட்டும் பந்தை எறியும் முன்பே அவர் 38 முறை வீழ்த்தப்பட்டிருந்தார். அடுத்த சில வாரங்களுக்குள் ஸ்கார்னெக்கியா மீண்டும் அழைக்கப்பட்டார், அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 68. அடுத்த பருவத்தில் பிரேடி ஆடிய 12 லீக் ஆட்டங்களில் அந்த எண்ணிக்கை 15-ஆகக் குறைந்தது.

எண்களை மட்டும் வைத்து எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதிவிடுவது சரியாகாது, ஏனெனில் காயத்திலிருந்து மீண்ட வீரர்களும் புதிதாக வந்தவர்களும் அந்த ஆண்டு வரிசையில் இருந்தார்கள். 2017 பிப்ரவரியில் ஹூஸ்டனில் நடந்த சூப்பர் பவுலில்கூட பிரேடி ஐந்து முறை வீழ்த்தப்பட்டார், அணி 3–28 என்று பின்தங்கியும் இருந்தது. அந்தத் திங்கட்கிழமை விடியற்காலையில் நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுக்கப் போக எண்ணியது உண்மை. நல்லவேளையாக அணைக்கவில்லை. அன்று பேட்ரியாட்ஸ் தாக்குதல் அணி 93 முயற்சிகள் ஆடியது, இது வழக்கத்தைவிட மிக அதிகம். கடைசிக் கால் பகுதியில் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர்கள் எதிரணியான அட்லாண்டாவின் தடுப்பாளர்கள். அவர்களுக்கு எதிரில் நின்ற ஐவரும் முதல் முயற்சியில் எப்படிக் குனிந்தார்களோ அப்படியே தொண்ணூறாவது முயற்சியிலும் குனிந்தார்கள். முடிவு 34–28.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2018 பருவத்தின் மூன்று நாக்-அவுட் ஆட்டங்களிலும் சேர்த்து பிரேடி ஒரே ஒரு முறைதான் வீழ்த்தப்பட்டார். அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்ற ஆரன் டொனால்டு எதிரணியில் இருந்த இறுதி ஆட்டமும் அதில் அடக்கம், டொனால்டால் ஒரு முறைகூட அவரை வீழ்த்த முடியவில்லை. 2020 ஜனவரியில் ஸ்கார்னெக்கியா இரண்டாம் முறை ஓய்வு பெற்றார். 2023-இல் பேட்ரியாட்ஸ் அணியின் புகழ்க் கூடத்தில் அவருக்கு இடம் அளிக்கப்பட்டது.

வாசகி, புதுச்சேரி: சிறந்த உதவியாளர்கள் தலைமைப் பதவிக்கு வந்து தோற்றுப்போவதும் உண்டல்லவா?

பதில்: உண்டு. டிக் லெபோ என்பவர் டெட்ராய்ட் அணியில் 14 பருவங்கள் ஆடி, எதிரணி எறிந்த பந்துகளில் 62-ஐ இடைமறித்துப் பிடித்தவர். பயிற்சியாளரான பிறகு, பாய்ந்து வருவார் என்று எதிர்பார்க்கப்படும் தடுப்பாளர் பின்வாங்க, யாரும் எதிர்பாராத ஒருவர் பாயும் ‘ஸோன் பிளிட்ஸ்’ முறையை வளர்த்தெடுத்தார். அந்தத் தடுப்புடன் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 2005, 2008 ஆகிய பருவங்களில் சூப்பர் பவுல் வென்றது. அதே லெபோ 2000 முதல் 2002 வரை சின்சினாட்டியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது வென்றது 12, தோற்றது 33. அவருடைய மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, அவர் எழுந்து நின்று பழைய கிறிஸ்துமஸ் கவிதை ஒன்றை முழுவதும் மனப்பாடமாகச் சொல்ல, மலைபோன்ற ஆட்டக்காரர்கள் குழந்தைகளைப் போல் அமர்ந்து கேட்பார்களாம். 2010-இல் ஓஹையோவின் கான்டனில் உள்ள தேசியப் புகழ்க் கூடத்தில் அவர் சேர்க்கப்பட்டபோது ஸ்டீலர்ஸ் அணியே அங்கு சென்றது.

உதவியாளராகவே வீரர்களின் அன்பைப் பெற்றவர்களும் உண்டு. இதற்கு முன் சிகாகோ அணியில் தடுப்புக்கான கோஆர்டினேட்டராகப் பட்டி ரையன் இருந்தார். 1981-இல் அவர் வேலை போய்விடும் என்று அஞ்சிய தடுப்பு வீரர்கள், ரையனை வைத்துக்கொள்ளுங்கள் என்று உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸுக்குக் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார்கள். ஹாலஸ் கேட்டுக்கொண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து அந்தத் தடுப்பணி சூப்பர் பவுலில் எதிரணியை ஓட்டத்தின் மூலம் மொத்தமே ஏழு கஜம் மட்டும் முன்னேறவிட்டது. 46–10 என்ற அந்த வெற்றிக்குப் பின் தலைமைப் பயிற்சியாளர் மைக் டிட்காவைத் தூக்கியது போலவே ரையனையும் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று தோற்று வெளியேறிய அணி பேட்ரியாட்ஸ், அதன் உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவர் முப்பத்தேழு வயது ஸ்கார்னெக்கியா.

வாசகர், கோயம்புத்தூர்: பில் பெலிச்சிக்கின் தந்தையும் பயிற்சியாளர்தானா?

பதில்: ஆம். ஸ்டீவ் பெலிச்சிக் 1956 முதல் 1989 வரை அன்னாபொலிஸில் உள்ள கடற்படைக் கழகத்தின் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். அடுத்து மோதவிருக்கும் அணியின் ஆட்டத்தை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்து வருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அந்தக் கலை பற்றி 1962-இல் ஒரு நூலும் எழுதினார். மகன் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே தந்தையோடு உட்கார்ந்து ஆட்டப் பதிவுகளைப் பார்த்துப் பழகினார். பிற்காலத்தில் ஆறு சூப்பர் பவுல்களை வென்ற தலைமைப் பயிற்சியாளரின் கல்வி ஓர் உதவியாளரின் பக்கத்து நாற்காலியில் தொடங்கியது.

வாசகி, ஈரோடு: இத்துறையில் பெண்கள் இருக்கிறார்களா?

பதில்: இப்போது இருக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு சூப்பர் பவுலில் சான் பிரான்சிஸ்கோ அணியின் கேட்டி சோவர்ஸ் பணியாற்றினார், அந்த இறுதி ஆட்டத்தில் இடம்பெற்ற முதல் பெண் பயிற்சியாளர் அவர். மறு ஆண்டு வென்ற டாம்பா பே அணியில் லோரி லோகஸ்ட், மாரல் ஜவாடிஃபர் என இருவர் இருந்தனர். 2021-இல் வாஷிங்டன் அணியில் ஜெனிஃபர் கிங் முழுநேர உதவிப் பயிற்சியாளரானார், கறுப்பினப் பெண்களில் அவரே முதல்வர். எண்ணிக்கை போதாது என்பதே என் கருத்து, ஏனெனில் காலடி அங்குலத்தைக் கவனிக்கும் கண்ணுக்கு ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை.

வாசகி, நியூ ஜெர்சி: என் மகன் இங்கே உயர்நிலைப் பள்ளி அணியில் ஆடுகிறான். கல்லூரிக்குப் பின் பயிற்சியாளராக வேண்டும் என்கிறான். வருமானமும் பாதுகாப்பும் இல்லாத தொழிலோ என்று அஞ்சுகிறேன். என்ன சொல்வது?

பதில்: உங்கள் அச்சத்தை நான் மறுக்கமாட்டேன், அம்மா. பெரிய கல்லூரிகளின் கோஆர்டினேட்டர்கள் சிலர் ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் பெறுகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சிலரைக் காட்டி மகனுக்கு நம்பிக்கை ஊட்டவேண்டாம். தொடக்கத்தில் உள்ளவர்களின் நிலை வேறு. பில் பெலிச்சிக் 1975-இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் சேர்ந்தபோது வாரம் 25 டாலர் பெற்றார், பதிவுகளைப் பிரித்துக் குறிப்பெழுதுவதும் எடுபிடி வேலைகளும் அவர் பொறுப்பு. ஒப்பந்தங்கள் ஓராண்டு, ஈராண்டுக் காலத்துக்குத்தான் பெரும்பாலும் இருக்கும். அணி தோற்றால் வேலை போகும், வென்றாலும் தலைமைப் பயிற்சியாளர் பெரிய இடத்துக்குப் போகும்போது வீட்டை மாற்ற வேண்டிவரும்.

ஆனால் உங்கள் ஊரின் உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்துப் பயிற்சி தருபவர்களில் பலர் அங்கேயே கணிதமோ வரலாறோ நடத்தும் ஆசிரியர்கள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆசிரியர் சம்பளத்தோடு பயிற்சிக்கென்று ஒரு சிறு தொகை அவர்களுக்குக் கிடைக்கிறது. கற்பிப்பதற்கான பட்டத்தையும் உரிமத்தையும் மகன் பெற்றுக்கொண்டால் இந்தக் கதவு அவனுக்குத் திறந்திருக்கும், அதிலிருந்து கல்லூரிக்குப் போவதும் நடக்கக்கூடியதே. அதற்கு முன்பாக, அவன் ஆடுகிற இடத்துக்கான பயிற்சியாளரிடம் போய், ஆட்டம் முடிந்த மறுநாள் பதிவைப் பார்க்கும்போது தானும் உடன் அமர்ந்து குறிப்பெழுதலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த அறையில், ஒரே மூன்று விநாடியைப் பதினைந்து முறை பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். பதினாறாவது முறையும் பார்க்க அவனுக்கு ஆசை இருக்கிறதா என்று இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.